என் மதிலில் ஒரு புள்ளடி

ஜூலை 11, வெள்ளி

கச்சான் காற்று. பல்லிடுக்கிலும் மணல். கடல்பக்க மதிலில் நான் கீறிய பச்சைப் பலூனின் அடி உப்பு அரித்துப் பொரிந்து கிடக்கிறது. சுரண்டிப் பூச நினைத்தால், பச்சைக்குக் கலக்கிற நீலம் தகரத்துக்குள்ளேயே இறுகிவிட்டது. வாங்க வேண்டியது: நீலம், டர்பன்டைன், மீன் புளிக்குக் கொறுக்காய்.

ஜும்ஆ முடிந்து ஹாறூன் காக்கா வந்தார். கூடப்பிறந்தவர்தான். ஆனால் சுயேட்சையில் தேர்தல் கேட்கத் தொடங்கியதிலிருந்து எனக்கே சலாத்தை நீட்டி நீட்டிச் சொல்கிறார். அவருடைய குழுவுக்குச் சின்னம் கிடைத்துவிட்டதாம். சுடுகாற்றுப் பலூன்.

"அல்லாஹ் தந்த சின்னம் புள்ள. ஒன்ட மதிலக் கண்டா ஊருக்கே விளங்கும்."

"என்ட மதில் ஆருக்கும் வோட்டுக் கேக்காது காக்கா."

சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

ஜூலை 12, சனி

பொத்துவில் ஹோட்டலுக்கு இரண்டு படம் முடிக்க வேண்டும். இரண்டும் பலூன். வேறென்ன? பாலர் பாடசாலைச் சுவர், கல்யாண மேடை, கிளினிக் எல்லாவற்றுக்கும் பலூன் கீறிக் கீறி ஊரில் நான் "பலூன் டீச்சர்". கீறுகிறவளிடம் ஏன் கீறுகிறாய் என்று ஒருவரும் கேட்பதில்லை. "அதுல நீங்க ஏறினயா?" என்று மட்டும் கேட்பார்கள். ஏறவில்லை. கண்டது ஒரே தடவை, ட்ரெயினிங் கொலிஜ் சுற்றுலாவில், தம்புள்ளைப் பக்கம், பஸ் ஜன்னலால். வயலுக்கு மேலே சத்தமே இல்லாமல் போனது. நிறுத்தச் சொல்லிக் கத்தினேன். ட்ரைவர் நிறுத்தவில்லை. அந்த மனிசன் மேல் இன்றைக்கும் கோபம்.

தலையிடி. பனடோல் இல்லை.

ஜூலை 14, திங்கள்

ஸ்கூல் விட்டு வர இரண்டரை. சந்தி திரும்பும்போதே சிவப்பு.

ஒவ்வொரு பலூனுக்குப் பக்கத்திலும் ஒரு பெரிய புள்ளடி, வோட்டுச் சீட்டில் கீறுகிற அதே பெருக்கல் குறி. கீழே காக்காவின் பெயர், இலக்கம். கோடு கூட நேரில்லை, வழிந்து கிடக்கிறது. வாப்பாவின் பலூனுக்கு மேலேயே ஒரு புள்ளடி. வாப்பா மௌத்தான வருடம் அவருடைய மருதமுனைச் சாறனை மடியில் விரித்து வைத்து, கட்டம் கட்டமாகப் பார்த்துப் பூசியது அது. அந்தச் சாறன் இப்போது இல்லை. துவைத்துத் துவைத்துக் கிழிந்துவிட்டது. மதிலில்தான் இருந்தது.

ஜவாத் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். (இனி ஜ. போதும். புருஷன் பெயரை முழுதாக எழுத மனமில்லை.)

"ஆரு பூசின?"

"காக்காட ஆக்கள்."

"ஆரு ஓம் எண்ட?"

சோற்றைப் பிசைந்துகொண்டே, "நான்தான். மச்சான் வாய்விட்டுக் கேக்கக்குள்ள இல்லெண்டு சொல்ல ஏலுமா?"

"எனக்கிட்டக் கேக்க ஏலாதா?"

"நீ ஸ்கூல்ல."

போன் என்று ஒன்று இருப்பதை மறந்துவிட்டார் போல. தன் புடவைக் கடையில் நின்றுகொண்டு, பருப்பு வாங்கவா வேண்டாமா என்று நாளுக்குப் பத்துத் தரம் எடுக்கிற அதே போன்.

ஜூலை 15, செவ்வாய்

பின்னேரம் தேர்தல் காரியாலயத்து உத்தியோகத்தர், கூட ஒரு பொலிஸ். உத்தியோகத்தர் தம்பிலுவில் ஆள், தன்மையான மனிசன். மதிலைப் படம் பிடித்தார். பிறகு போனைப் பைக்குள் வைத்துவிட்டு வெறும் கண்ணாலும் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"வடிவாக் கீறியிருக்கிறீங்க டீச்சர். ஆனா இப்ப இது சின்னம். பலூனும் இருக்கேலா, புள்ளடியும் இருக்கேலா."

"பலூன் தேர்தலுக்கு முந்தியே இருக்கு. ஊரக் கேளுங்க."

"எனக்கு விளங்குது. சட்டத்துக்கு விளங்காது. நாளைக்குப் பின்னேரம் வருவம். அப்பிடியே இருந்தா வழக்கு."

"மூடினாப் போதுமா?"

யோசித்தார். "கண்ணுக்குத் தெரியாட்டிப் போதும். எலக்சன் முடிய எடுத்துப் போடுங்க."

வழக்கு என்றதும் ஜ.வின் முகம் பேயறைந்தது போல. காக்காவுக்குப் போன் அடித்தேன். "ரெண்டு கிழம பொறு புள்ள. வெண்டா ஒனக்குப் புது மதிலே கட்டித் தாறன்." புது மதில்! அவருக்கு அது கல்லும் சீமெந்தும்தான்.

ஜ.விடம் தெளிவாகச் சொன்னேன். நாளைக்கு லீவு போடுகிறேன். அக்கரைப்பற்றில் சாச்சி வீட்டில் நெல் மூடுகிற பெரிய படங்கு இருக்கிறது, கொண்டுவந்து முழு மதிலையும் மூடுவோம். புள்ளடியைப் பிறகு நானே மெல்லச் சுரண்டி எடுப்பேன். நான் வரும்வரை தொடக்கூடாது.

"ஓம் ஓம்" என்றார்.

ஜூலை 16, புதன்

சாச்சி வீட்டில் அறுவடை. படங்கைத் தர மனமில்லாமல்தான் தந்தா. பிணக் கனம். பஸ்ஸில் கொண்டக்டர், "என்ன ராத்தா, கூடாரம் அடிக்கப் போறயா?" எனக்கு மனதுக்குள் கயிறு எங்கெங்கே கட்டுவது என்ற கணக்கு.

சந்தி திரும்பினேன். வெள்ளை.

முழு மதிலும் வெள்ளை. ஏணியில் ஜ., முழங்கை வரை சுண்ணாம்பு, கையில் நீட்டுப் பிரஷ். வாப்பாவின் சாறன் இல்லை. உம்மாவின் தொழுகைப் புடவைப் பூ இல்லை. என் சின்ன மகள் பிறந்த வருடத்து மஞ்சள் இல்லை.

"பாத்தியா, லுஹருக்கு முந்தியே முடிச்சிட்டன். வழக்கும் இல்ல, வம்பும் இல்ல."

"தொட வேணாம் எண்டு சொன்னனே."

"படங்கு காத்துக்குப் பறந்தா ஆரு கோட்டுக்குப் போற? எலக்சன் முடியத் திரும்பக் கீறன். பலூன்தானே."

பலூன்தானே.

"இது என்ட வளவு" என்றேன். "வெளிய போங்க."

எங்கள் ஊரில் பெண் சொல்லாத சொல். வீடெல்லாம் பெண்களுக்கு எழுதியதுதான். ஆண் கல்யாணம் முடித்து வந்து இருப்பவன். எல்லோருக்கும் தெரியும் என்பதால்தான் ஒருத்தியும் வாய்விட்டுச் சொல்வதில்லை. உம்மா எவ்வளவு சண்டை பிடித்தும் வாப்பாவிடம் ஒருநாளும் சொன்னதில்லை. நான் சொல்லிவிட்டேன். தெருவில் இரண்டு பேர் காதிலும் விழுந்தது.

ஏணியால் இறங்கினார். பிரஷை வாளிக்குள் வைத்தார். கையைக்கூடக் கழுவாமல் போனார்.

பின்னேரம் உத்தியோகத்தர் வந்தார். மதிலையும் கீழே சுருட்டிக் கிடந்த படங்கையும் மாறி மாறிப் பார்த்தார்.

"மூடினாப் போதும் எண்டனே டீச்சர்."

அப்போதுதான் அழுகை வந்தது. அந்நிய ஆணுக்கு முன்னால். அதற்கும் கோபம்.

ஜூலை 17, வியாழன்

காற்று இல்லை. புழுக்கம். ஸ்கூலுக்குப் போகவில்லை.

காலையிலேயே காக்கா. மதிலைப் பற்றி ஒரு சொல் இல்லை. "இந்த நேரத்துல புருஷன வெளிய போட்டா ஊர் என்ன சொல்லும்? எனக்குத்தான் வோட்டுக் கொறையும். போய்க் கூட்டிட்டு வா."

தேத்தண்ணிகூடக் கொடுக்காமல் அனுப்பினேன்.

ஜ. ராவு கடையில்தான் படுத்தாராம். வேறெங்கே போவார்? அவருடைய உம்மாவின் வீடு இப்போது தங்கச்சியின் வீடு. அங்கே தங்கச்சி மாப்பிள்ளை இருக்கிறார். ஊரில் ஆணுக்கு வீடில்லை என்பது பாவம்தான். பாவம் பார்க்க வரவில்லை. கொஞ்சம் வருகிறது. வருவதும் எரிச்சல்.

பகல். கேற்றில் சத்தம். ஜ. அதே சட்டை, நகத்தில் சுண்ணாம்பு. கேற் திறந்துதான் கிடந்தது. உள்ளே காலை வைக்கவில்லை.

"உள்ள வரட்டா?" என்று கேட்டார்.

கல்யாணம் முடித்த நாளிலிருந்து இந்த வீட்டில் அவர் என்னிடம் ஓம் கேட்டது இதுதான் முதல் தரம்.

உள்ளே வந்து இதை எழுதுகிறேன். ஜன்னலால் தெரிகிறது. நல்ல வெயில். இன்னும் நிற்கிறார்.

நிற்கட்டும்.