பனி மேட்டுப் பங்கு

சராபம்பா,
ஜூன் 3

அன்புள்ள தம்பி இலாரியோனுக்கு,

அண்ணன் தியோதோசியோ எழுதுவது. நாங்கள் நலம்; கிழங்குதான் நலமில்லை. குளிர்காலம் வந்தாலும் இந்த ஊரில் உறைபனி விழுந்து மூன்று வருடமாகிறது. பனியில் இறுகாத உருளைக்கிழங்கை எவ்வளவு மிதித்து நீரைப் பிழிந்தாலும் சுன்யோ வற்றல் ஆவதில்லை, கறுத்து நாறுகிறது. பச்சையாக வைத்தாலோ, முன்பு இங்கே கண்டிராத அந்துப்பூச்சி துளைக்கிறது. பால் வண்டியில் ஆறு மூட்டை அனுப்பியிருக்கிறேன். உன் மேட்டில் பரப்பி, மிதித்து, காயவைத்துக் கொடு. இல்லாவிட்டால் மழைக்காலத்தில் எங்கள் சட்டி காலி.

தியோதோசியோ

ரித்திபாத்தா,
ஜூன் 9

அண்ணனுக்கு,

எனக்கு எழுத்து தெரியாது என்பது உனக்குத் தெரியும். இங்கே பள்ளிக்கூடத்து டீச்சரம்மா எழுதுகிறாள். திட்டையும் விடாமல் எழுதச் சொல்லியிருக்கிறேன்.

அப்பா செத்த ஒன்பதாம் நாள் பங்கு பிரித்தோமே, நினைவிருக்கிறதா? நீ பழுப்புப் போர்வை போட்டிருந்தாய், இடது ஓரம் கிழிந்தது. சோளம் விளையும் நிலத்தை எடுத்துக்கொண்டு எல்லார் முன்னாலும் சொன்னாய்: "மேட்டை அவனுக்குக் குடுங்க. பனியை நக்கிப் பொழைச்சுக்கட்டும்." என் மாமனார்கூடச் சிரித்தார். ஐம்பத்திரண்டு வருடம் ஆகிறது. இப்போது அதே பனி உனக்கு வேண்டுமோ?

உலகத்து வண்டியும் ஆலையும் விடுகிற புகை கம்பளிபோல் மூடிக்கொண்டு சூட்டை வெளியே விடுவதில்லையாம். அதனால்தான் பனி விழவில்லை என்று டீச்சரம்மா சொல்கிறாள்.

"ஏம்மா, எங்கிட்ட ஒரு சைக்கிள்கூட இல்லையே. என் தலையிலயுமா அந்தக் கம்பளி?"

"உங்க தலையிலதான் தாத்தா மொதல்ல."

என்ன நியாயமோ!

உன் மூட்டைகளை நான் பிரிக்கவில்லை. சுவரோரம் கிடக்கின்றன.

இலாரியோன் (கைநாட்டு)

சராபம்பா,
ஜூன் 14

தம்பி,

நான் அப்படிச் சொன்னது உண்மைதான். ஆனால் போர்வை பழுப்பு இல்லை, சாம்பல் நிறம். கிழங்கைப் பரப்பினாயா இல்லையா? ஜூன் போனால் பனியும் போய்விடும். என்மேல் இருக்கிற கோபத்தைக் கிழங்கின்மேல் காட்டாதே.

தியோதோசியோ

ரித்திபாத்தா,
ஜூன் 20

அண்ணா,

பழுப்புதான்.

கிழங்கைப் போன வாரமே பரப்பிவிட்டேன். வழக்கமான இடத்தில் பனி விழவில்லை. எல்லாவற்றையும் வாரி, பொதி சுமக்கும் லாமாக்கள் முதுகில் ஏற்றி, மேய்ச்சல் கொட்டகையையும் தாண்டி மேலே கொண்டுபோனேன். அங்கேயும் போதவில்லை. கடைசியில் உச்சிப் பாறையின் காலடியில், வீட்டு முற்றம் அளவுக்கு ஒரு பனித் திட்டு. மூன்று நாளாக அங்கேதான் கிழங்கு கல்லாக இறுகுகிறது. இடம் போதாமல் உன்னுடையதையும் என்னுடையதையும் கலந்தே கொட்டிவிட்டேன். இனி எது யாருடையது என்று அப்பாவே வந்தாலும் பிரிக்க முடியாது.

அதற்கு மேல் பாறைதான். அடுத்த வருடம் எங்கே ஏற்றுவது என்று என்னைக் கேட்காதே.

மிதிப்பதற்கு என் முழங்கால் இடம் கொடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பால் வண்டியில் ஏறி வா. செருப்பைக் கழற்றிவிட்டு நீயே மிதி. எனக்குக் கொடுத்த பனி எப்படிச் சுடும் என்று, அது தீர்வதற்குள் உன் காலுக்கும் தெரியட்டும்.

அந்தப் போர்வை இன்னும் இருந்தால் எடுத்து வா. நிறத்தைப் பார்த்துவிடலாம். மேலே குளிருகிறது, போர்த்திக்கொள்ளவும் ஆகும்.

இலாரியோன் (கைநாட்டு)