முப்பத்துமூன்றா, நாற்பத்தைந்தா

மார்ச் 7, 2023, செவ்வாய்
பர்மிங்காமில் மழை. முழங்கால் வலி.
என் ‘கால்வாய்’ இசைத்தட்டுக்கு முப்பது வயதாகிறதாம். கம்பெனி மறுபடி அச்சடிக்கப் போகிறது. அது பிறந்த கதையை உறையில் நானே எழுத வேண்டும் என்று இமோஜென் கூப்பிட்டுச் சொன்னாள். கம்பெனியில் எல்லாம் அவள்தான். “அந்த வேகம் எப்படித் தோணுச்சு?” என்று கேட்டாள். வழக்கம்போல எதையோ சொல்லிச் சமாளித்தேன்.

மார்ச் 8
ஒரு வரிகூட ஓடவில்லை.

மார்ச் 9
இங்கேயாவது உண்மையை எழுதுகிறேன். நான் அதைச் செய்தது நிமிடத்துக்கு முப்பத்துமூன்று சுற்று வேகத்துக்கு. கனமான, நிதானமான டெக்னோ நடன இசை. முதல் பிரதிகள் வெள்ளை லேபிளோடு வந்தன. பெயர் கிடையாது, வேகம் கிடையாது. எங்கள் டிஜே கூட்டத்தில் அப்படித்தான் கைமாறும். ஒன்றை பெர்னடெட்டிடம், எங்கள் பெர்னியிடம், கொடுத்தேன். அப்போது நாங்கள் இருவரும் ஒரே கிளப்பில் டிஜே. ஒரு ராத்திரி அங்கே அவள் அதை நாற்பத்தைந்தில் சுழலவிட்டாள். தவறைச் சொல்ல ஓடினேன்; பாதி வழியில் நின்றுவிட்டேன். ஆடியவர்கள் அப்படி ஆடினார்கள்!
விற்பனைக்கு வந்த தட்டில் 45 என்று அச்சடிக்கச் சொன்னேன். வேண்டுமென்றே அப்படிச் செய்ததாக முதல் பேட்டியில் அளந்தேன். பிறகு பெர்லின், டோக்கியோ, முப்பது வருடப் பிழைப்பு. அவள் பெயரை எங்கும் சொன்னதில்லை. அவளும் வாய் திறக்கவில்லை. ஏன்?

மார்ச் 12, ஞாயிறு
பெர்னி வீட்டுக்குப் போனேன். இப்போது பள்ளிக்கூடச் சமையலறையில் இருக்கிறாள். தேநீர் கொடுத்தாள். அவள் செய்த தவறில்தான் நான் பேர் வாங்கினேன் என்று ஒப்புக்கொண்டேன்.
“தப்பாவா? வீட்ல ரெண்டு வேகத்துலயும் கேட்டுட்டுத்தான் வந்தேன் ரஸ்ஸல். உன்னோட வேகத்துல கேட்டா தூக்கம் வந்துச்சுடா.”
ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.
“நீயா சொல்லுவேன்னு ரெண்டு வருஷம் பாத்தேன். அப்புறம் விட்டுட்டேன்.”
பஸ்ஸில் அழுதேன். ஏழு கழுதை வயசாச்சு, இப்பத்தான் புத்தி வருது எனக்கு. தப்புன்னே நெனச்சுட்டு இருந்தேனே— அவளுக்குக் காது இருக்குன்னு ஒரு நாளாவது தோணுச்சா?

மார்ச் 13
உறைக்கு ஏழு வரி, நடந்ததை நடந்தபடி எழுதி அனுப்பிவிட்டேன். பேர் கெட்டுவிடும், யோசியுங்கள் என்றாள் இமோஜென். கெடட்டும்.

ஏப்ரல் 20
செய்தி வெளியே போய்விட்டது. கோடை இசை விழா ஒன்றிலிருந்து என்னை நீக்கிவிட்டார்கள். இணையத்தில் ஏமாற்றுக்காரன் என்கிறார்கள். வலிக்கிறது. பொய்யில்லையே.

ஜூன் 3, சனி
மறுபதிப்பின் சோதனைத் தட்டு வந்தது. ஒரு பக்கம் அவள் வேகம், மறுபக்கம் என்னுடையது. லேபிளின் மாதிரியும் வந்திருக்கிறது: இரண்டு பெயர், அவளுடையது முதலில்.
மதியம் பெர்னி வந்தாள். பெயரை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பக்கம் ஓடியபோது மேசையில் விரலால் தாளம் போட்டாள். பிறகு என் பக்கத்தைப் போட்டேன். மூன்றாவது நிமிடம் திரும்பிப் பார்த்தால், நாற்காலியிலேயே தூங்கிப்போயிருந்தாள்.
தட்டு முடியும்வரை எழுப்பவில்லை.