கல்லின் கடைசி வரி

செப். 14, ஞாயிறு
காலையிலிருந்து தூறல். சுங்கை பாக்காப் ஊருக்குப் போய் வந்தேன், தனியாக. அடுத்த ஞாயிறு விளக்கேற்றும் நாள், அதற்குள் நினைவுக் கல்லைக் கழுவியாக வேண்டும். பிரஷ், வாளி, கொசு மருந்து. குடை மறந்துபோச்சு. பழைய ரப்பர் தோட்டத்துக்குப் பின்னால் அந்த மேடு, இடுப்பளவு லாலாங் புல். ஆள் அரவமே இல்லை.

கல்லில் ஏழு பெயர். மூன்றாவது அம்மாவின் அத்தை, பன்னிரண்டு வயது. சாமி சிலை வேண்டாம், சாதி வேண்டாம், ஒரு விளக்கு போதும் என்று ஒரே வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டவர்கள். தோட்டத்தில் மற்றவர்களுக்குப் பொறுக்கவில்லை. கும்பிட்டுக்கொண்டிருந்தபோது கொட்டகையை வெளியே தாழிட்டுக் கொளுத்திவிட்டார்கள். அம்மா சொன்னது அவ்வளவுதான். யார் என்று கடைசிவரை சொல்லவில்லை.

அடியில் மண்ணைச் சுரண்டினால் இன்னும் எழுத்து. ‘தாழிட்டவன் சடையன் மகன் மாரிமுத்து கங்காணி.’

என் வீட்டுக்காரரின் தாத்தா. எங்கள் கூடத்தில் மாலை போட்டு மாட்டியிருக்கும் படம். எங்கள் கல்யாணத்தில் அம்மா ஏன் அப்படி அழுதார்கள் என்று இப்போதுதான் புரிகிறது.

15, திங்கள்
நேற்று கல்லைப் போனில் எடுத்த போட்டோவைக் காலையில் அவரிடம் காட்டினேன். இரண்டு தடவை பெரிதாக்கிப் பார்த்தார்.
“வேற யாருக்காச்சும் அனுப்பினியா?”
“இல்லைங்க.”
“பொண்ணுக்கு? யமுனாவுக்கு?”
“இல்ல.”
“அழிச்சிடு.”
தேநீரைக் குடிக்காமலே வேலைக்குப் போனார். நான் அழிக்கவில்லை.

16, செவ்வாய். பொது விடுமுறை
வெயில். துணி எல்லாம் காய்ந்தது. வாங்க: திரி, நல்லெண்ணெய், சோப்பு.
மதியம் சாப்பிடும்போது கேட்டார். “அந்த மேட்டுக்கு எந்தப் பக்கமா ஏறுவ?” இருபது வருஷத்தில் ஒருநாளும் கேட்டதில்லை. சொன்னேன். ஏன் சொன்னேன்?

18, வியாழன்
பத்து மணிக்கு பிறை ஊரில் அவர் தொழிற்சாலையிலிருந்து போன். அவரோடு வேலை செய்யும் பையன். “அக்கா, அண்ணன் இன்னிக்கு வரலையே, உடம்பு முடியலையா?” என்னவோ சொல்லி வைத்தேன்.
ஆறு மணிக்கு யூனிஃபார்மோடு வந்தார். “ஓவர்டைம்லா.” காதோரம் சாம்பல் நிறப் பொடி. குளிக்கப் போனார், வெகுநேரம் தண்ணீர் சத்தம்.
என் போனில் அந்தப் போட்டோ இல்லை. காலையில் இருந்தது, சத்தியமாக. நான் சமைக்கும்போது போன் கூடத்தில்தான் கிடந்தது.
மீன் குழம்பில் உப்பு கூடிவிட்டது. முழுசாகச் சாப்பிட்டார். அவர் பக்கத்தில் உட்காரவே எனக்குப் பயமாக இருந்தது.

21, ஞாயிறு
நானும் யமுனாவும் கிளம்பும்போது அவரும் வந்தார், முதல் தடவையாக. மேட்டுக்கு மேலே கருத்த வானம்.
ஏழு பெயரும் அப்படியே. அடியில் மட்டும் உளியால் கொத்திய பள்ளம், புதுசு.
யமுனா விரலால் தடவிப் பார்த்தாள். “யாரோ கொத்தி எடுத்திருக்காங்கம்மா. இங்க என்ன இருந்துச்சு?”
அவர் என்னையே பார்த்தார். லேசாகத் தலையை ஆட்டினார், வேண்டாம் என்று. “மழை வருது, போலாம்லா.”
ஏழு விளக்கும் ஏற்றி முடித்தேன்.
“உன் கொள்ளுத்தாத்தா பேரு இருந்துச்சு, யமுனா. உங்க அப்பாவோட தாத்தா.”
அவர் என் பெயரைச் சொல்லிக் கத்தினார். நான் நிறுத்தவில்லை.