தேருக்காகத் தள்ளிப்போட்ட மூன்று வாரம்

என் உயிரான அண்ணே,

நீ போய் இரண்டு வருடம் ஆகிறது. கொஞ்ச நாளாக என்னால் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. மதுரை ஆஸ்பத்திரி லேபில் உட்கார்ந்தால் எழுந்து நடக்கிறேன். வீட்டுக்கு வந்தால் வாசலுக்கும் அடுப்படிக்கும் அலைகிறேன். ஒரு தப்புச் செய்துவிட்டேன். அதை உன்னிடம் சொல்லாமல் எப்படி இருப்பேன்?

உன் நாக்கின் ஓரத்தில் வந்த புண் சுண்டுவிரல் நகம் அளவுதான். "இம்புட்டுப் புண்ணுக்கா ஆபரேசன்?" என்று ராஜபாளையம் மில்லில் ஷிப்ட் முடிந்து வந்து சிரித்தாய். ஆடிப்பூரத் தேர் முடியட்டும் என்று மதினி சொன்னாள். நீயும் சரி என்றாய். மூன்று வாரம் தள்ளிப்போனது. எங்கள் ஆஸ்பத்திரியில்தான் ஆபரேஷன், நன்றாகத்தான் நடந்தது. ஆனால் சில மாதத்திலேயே கழுத்தில் நெறி கட்டியது. உன் பக்கத்துக் கட்டிலில் கிடந்த மகாராஜபுரத்துக்காரருக்கு உன்னைவிடப் பெரிய கட்டி. அவர் இன்றும் வயலில் இறங்குகிறார். இது ஏன்?

எங்கள் லேபில் இப்போது அதைத்தான் தேடுகிறோம். நோயை எதிர்க்கும் செல்களின் மேல் ஏற்பிகள் என்று சில புரதங்கள் உண்டு. வந்திருப்பது எதிரியா, நம்மவரா என்று அவைதான் கண்டுகொள்ளும். அவற்றில் சில, புற்றுச் செல்களின் மேலும் இருக்கின்றன. எங்கே, எவ்வளவு இருக்கின்றன என்று பார்த்து, ஒரு கட்டி இருந்த இடத்திலேயே நிற்குமா, கழுத்துக்குப் பரவுமா என்று முன்கூட்டியே சொல்ல முடியுமா? அதுதான் கேள்வி. பழைய நோயாளிகளின் திசுவை மெல்லிசாகச் சீவி, ஸ்லைடில் ஒட்டிச் சாயம் ஏற்றுவது என் வேலை. ஏற்பி இருக்கும் இடம் பழுப்பாகத் தெரியும்.

உன் திசுவையும் சேர்த்துக்கொள்ள மதினி கையெழுத்துப் போட்டாள். ஆனால் ஸ்லைடுகளில் பெயர் கிடையாது, எண் மட்டும்தான். எந்த எண் யாருடையது என்ற பட்டியல் லேபை நடத்தும் டாக்டரிடம் இருக்கிறது. எங்களுக்குக் காட்டமாட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்துக்கு மதினியைப் பார்க்கப் போனேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து கேட்டாள்: "ஏட்டி செல்வி, அவிய கட்டியப் பாத்தாச்சா? நான் தேர் முடியட்டும்னு சொன்னதுனாலதானா?"

எத்தனை நாளாக அதை உள்ளே வைத்திருந்தாளோ. அவள் முகத்தைப் பார்த்து என் வாய் தானாகச் சொல்லிவிட்டது. "இல்ல மதினி. அது மொதல்லயே பரவுற ரகம். மறுநாளே போயிருந்தாலும் இதான்."

அவள் அழவில்லை. இன்னொரு கரண்டி சோறு போட்டுக்கொண்டாள். நீ போனபிறகு அவள் அப்படிச் சாப்பிட்டு நான் பார்க்கவில்லை. பொய்தான், ஆனாலும் நல்லதுக்கு என்று நினைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

போன மாதம் மதினி போன் செய்தாள். உன்னோடு ஒரே பொட்டலத்தில் புகையிலை போட்ட தங்கராசு அண்ணனுக்குக் கன்னத்தில் புண்ணாம். உடனே மதுரைக்குப் போகச் சொல்லி உள்ளூர் டாக்டர் எழுதிக் கொடுத்திருக்கிறாராம். "மக வளைகாப்பு முடியட்டும்னான். சரிப்பா, முந்திப் போனாலும் பிந்திப் போனாலும் ஒண்ணுதான்னு செல்வியே சொல்லிட்டாளேன்னேன்."

லீவு சொல்லிவிட்டு அப்போதே ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸைப் பிடித்தேன். மதினி முன்னால் நின்று, சொன்னது பொய் என்றேன்.

"அப்போ அந்த மூணு வாரந்தான் அவியளக் கொன்னுச்சா?"

"அதுவும் தெரியாது மதினி. ஒரு ஆளுக்கு இப்படித்தான் ஆகும்னு சொல்ற அளவுக்கு எங்களுக்கு இன்னும் தெரியாது. எந்த ஸ்லைடு அண்ணனோடதுன்னே எனக்குத் தெரியாது."

அவள் எழுந்து பையை எடுத்தாள். "தெரியாதுன்னா தெரியாதுன்னு சொல்லியிருக்கணும். நான் அதத் தாங்கமாட்டேன்னு நீயா முடிவு பண்ணிட்ட. வா, தங்கராசு வீட்டுக்குப் போவோம்."

ராஜபாளையம் பஸ்ஸில் என்னை விட்டுத் தள்ளி வேறு சீட்டில் உட்கார்ந்தாள். அங்கே, தங்கராசு அண்ணனையும் அவர் மனைவியையும் உட்கார வைத்துச் சொன்னாள். "நான் தள்ளிப்போட்டவ. அதுனால என்ன ஆச்சுன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியல. இந்தத் தெரியாதத ஒன் பொண்டாட்டி தலையில வச்சிட்டுப் போயிராத. நாளைக்கே கெளம்பு."

அவர் கிளம்பினார். ஆபரேஷன் முடிந்துவிட்டது. இப்போதைக்குக் கழுத்தில் எதுவும் இல்லை என்கிறார்கள். வளைகாப்புக்குத் தாடையில் கட்டோடு வந்து உட்கார்ந்திருந்தார். இனி எப்படி இருக்கும் என்று அவர் என்னைக் கேட்டார். தெரியாது, மாசாமாசம் வந்து காட்டுங்கள் என்றேன்.

மதினி இன்னும் என்னிடம் முழுசாகப் பேசவில்லை. கேட்டதற்குப் பதில் சொல்கிறாள், அவ்வளவுதான். பேசுவாளா, அண்ணே?

நான் உனக்குச் சொல்ல முடிந்தது ஒன்றுதான். ஒவ்வொரு ஸ்லைடையும் உன்னுடையது என்று நினைத்தே பார்ப்பேன். கண்ணில் பட்டதை மட்டும் சொல்வேன். கேட்பவர் யாராக இருந்தாலும், அவர்கள் முகம் எப்படி வாடினாலும்.

உன் கூடப் பிறந்த தங்கச்சி,
செல்வி