நான் கண்ட பிறை

12.02.1996, திங்கள்

நோன்பு திறந்துவிட்டுப் பள்ளிவாசலுக்குப் போகும் வழியில் தெருவோரச் சாக்கடைக் கானுக்குள் விழுந்தேன். மைமல் இருட்டு வந்தால் எனக்கும் கானுக்கும் அப்படி ஒரு பாசம். எழும்பும்போதே கானுக்கு ஒரு ஸலாம் சொன்னேன். கூட வந்த கூட்டாளி றமீஸ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். சிரிப்பவர்கள் ஏன் விழுந்தாய் என்று கேட்பதில்லை.

என் மூத்தவ ஹப்ஸா ராத்தாவைப் பெண் பார்த்துப் போனவர்களுக்குச் சம்மதமாம். மாப்பிள்ளை ஜவுபர். அவருடைய தாய் ஆயிஷா உம்மா எங்கள் பல்லைத் தவிர எல்லாவற்றையும் எண்ணிப் பார்த்துவிட்டா.

19.02.1996

நோன்பு இருபத்தொன்பது. வயல் வரம்பில் வரிசையாக நின்று மேற்கே பிறை தேடினோம். நான் கண்டேன். மெல்லிசாக, வளைவாக, மினுங்கிக்கொண்டு. கத்தினேன். பள்ளித் தலைவர் கச்சிமுகம்மது ஹாஜியார் ஓடி வந்தார்.

“பகிடியா மனே? விளையாடுறியா?”

“வல்லாஹி கண்டேன் ஹாஜியார்.”

“மற்றச் சாட்சி ஆரு?”

“நானும் கண்டேன்” என்றான் றமீஸ்.

நாளைக்குப் பெருநாள் என்று ஸ்பீக்கரில் சொல்லியாயிற்று. வெடி கொளுத்தி, மாடும் அறுத்தபிறகு ரேடியோ சொன்னது: நாட்டில் எங்குமே பிறை தென்படவில்லை.

வாப்பா பெல்ட்டைக் கழற்றினார்.

20.02.1996

முப்பதாவது நோன்பு. ஊரே என்னை முறைத்துக்கொண்டு பிடிக்கிறது. நீ எந்தப் பக்கம் கண்டாய் என்று றமீஸிடம் கேட்டேன்.

“நான் எங்கடா கண்டேன்? நீ வல்லாஹி எண்டாய். அல்லாஹ்ட பேரில நீ பகிடி விடமாட்டாய்.”

25.02.1996

அடித்தும் நான் ‘கண்டேன்’ என்றே நின்றதால் வாப்பாவுக்கு என்னவோ பட்டிருக்கிறது. கொழும்பிலிருந்து கல்முனைக்கு வரும் கண் டாக்டரிடம் கூட்டிப்போனார்.

கண்ணின் பின்திரையில் வெளிச்சம் பிடிக்கிற உயிர்க்கலங்கள் ஓரத்திலிருந்து செத்து வருகின்றனவாம். அதனால்தான் மைமலில் கானுக்குள் விழுகிறேனாம். அவற்றுக்குப் பின்னாலிருக்கும் நரம்புக் கலங்கள் உயிரோடுதானாம். முன்னாலிருந்து சேதி வராவிட்டாலும் அவை சும்மா இருக்காதாம். தாமாகவே துடித்து மூளைக்குச் சேதி அனுப்புமாம். மூளை அதை வெளிச்சம் என்று நம்பிவிடுமாம்.

கடிதம் வராத தபால்காரன் தானே கடிதம் எழுதி வீடு வீடாகக் கொடுக்கிறான். என் கண்ணுக்குள்ளும் ஒரு பகிடிக்காரன்!

டாக்டர் சிரிக்கவில்லை. வெளிநாட்டில் முழுக்குருடர்களின் அந்த மிச்சக் கலங்களுக்குக் கரண்ட் கொடுத்துப் பார்க்கிறார்களாம். வெளிச்சப் பொட்டுகள் தெரிகின்றனவாம். ஆனால் மருந்து இல்லை. “இது பரம்பரையில வாற வருத்தம்” என்றார்.

பஸ்ஸில் வாப்பா மெதுவாகச் சொன்னார்: “ராத்தாட கலியாணம் முடியுமட்டும் இது வெளிய போகப்படாது மனே. பகிடிக்குச் சொன்ன எண்டு சொல்லிரு.”

01.03.1996, வெள்ளி

ஜும்மா முடிந்து எல்லோர் முன்னாலும் எழும்பி நின்றேன். பகிடிக்குத்தான் சொன்னேன், றமீஸையும் நான்தான் ஏமாற்றினேன் என்றேன். ஹாஜியார் மன்னித்தார். உண்மை சொன்ன அன்று அடி, பொய் சொன்ன அன்று மன்னிப்பு. நல்ல ஊர்.

வாசலில் றமீஸ் செருப்பைப் போட்டுக்கொண்டிருந்தான்.

“வல்லாஹியிலயுமாடா?”

அவ்வளவுதான். போய்விட்டான்.

14.07.1996

ராத்தா கலியாணம். றமீஸ் வரவில்லை.

02.09.1996

எங்கள் ஊர் வழக்கம், மாப்பிள்ளை பெண் வீட்டில்தான் இருப்பார். ஆகவே இனி என் வீட்டிலேயே நான் ஒளிய வேண்டும். மச்சான் வழியில் நிறுத்திய சைக்கிளோடு நானும் விழுந்தேன். “மச்சினன் நல்லா நடிப்பான்” என்று சிரித்தார். நானும் சிரித்தேன். முழங்கால் கிழிந்திருந்தது.

19.12.1996

ராத்தா முழுகாமல் இருக்கிறா. இனியாவது சொல்லலாமா என்று கேட்டேன். வாப்பா தலையை ஆட்டினார். “இனி அந்தப் புள்ளைக்காக, மனே.”

எத்தனை பேருக்காகத்தான் நான் பொய்யனாக இருப்பது?

08.02.1997, சனி

நோன்பு இருபத்தொன்பது. அதே வரம்பு. இம்முறை எல்லோரும் ஒரே நேரத்தில் “அந்தா!” என்றார்கள். என் கண்ணுக்குள் மூன்று பிறை மினுங்கின. நான் தலையைத் திருப்பிய பக்கமெல்லாம் கூடவே வந்தன. வானத்தில் இருந்ததுதான் கிடைக்கவில்லை.

“என்ன மனே, இந்த முறையும் நீதான் முதல்ல கண்டயா?” என்றார் ஹாஜியார்.

“இல்ல ஹாஜியார். எனக்குத் தெரியுதில்ல.”

வரம்பு முழுக்கச் சிரித்தது. பகிடி விடுகிறேனாம்.

றமீஸ் மட்டும் சிரிக்கவில்லை. பிறையை விட்டுவிட்டு, நான் எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு நிற்கிறேன் என்று பார்த்தான்.