காணாமல் போன ஐந்தரை மணிப் பாட்டு

தேக்கா, சிங்கப்பூர், 19-1-1982

அன்புள்ள மரியபுஷ்பத்துக்கு,

மாதா துணையால் சுகமாக இருக்கிறேன். உன் மூட்டுவலி தேவலையா?

நம்மூரில் மாலை ஐந்தரைக்கு, இங்கே ஏழரைக்கு வரும் ரேடியோ பாட்டை நீ அங்கேயும் நான் இங்கேயும் ஒன்றாகக் கேட்பதாகத்தானே பேச்சு? புது வருடத்திலிருந்து இங்கே ஏழரைக்கு வெறும் இரைச்சல்தான். பேட்டரி மாற்றினேன், ஜன்னலில் கம்பி கட்டினேன், பலனில்லை. கடைசியில் ரேடியோ கடைப் பரமசிவம் அண்ணன் சிரித்தார்.

"ரேடியோ நல்லாத்தான் இருக்கு லா. ஒண்ணாந்தேதி சிங்கப்பூர் முழுக்க கடிகாரத்த அரைமணி முன்னால தள்ளி வச்சாங்கல்ல? பாட்டு இனிமே எட்டு மணிக்கு!"

நானும்தான் தள்ளி வைத்தேன். அந்த அரைமணி எங்கே போனதென்று இன்னும் எனக்குப் பிடிபடவில்லை.

நான் விட்ட பாட்டுகளின் முதல் வரியையாவது எழுதி அனுப்பு. வேலைக்கு லாரி வந்துவிட்டது.

இத்தனை நாளும் நானும் கேட்கிறேன் என்று நினைத்துக்கொண்டா கேட்டாய்?

உன்,
பெர்னார்ட்