தேய்ந்த பாதம்

காரோடு

அம்மா,

உன் மகன் கதிரேசன் எழுதுகிறேன். நலமாக இருக்கிறேன். உன் முழங்கால் வலி குறைந்ததா?

இங்கே மாதா குருசடி என்னும் சின்னக் கோயிலுக்கு வர்ணம் பூசுகிறோம். அது ஓலைக்கூரையாக இருந்த நாளிலிருந்தே அங்கே மாதாவின் மரச் சிலை நிற்கிறது. வலது பாதத்தில் விரல்கள் இல்லை. உடைந்துவிட்டது என்று நினைத்து, நேற்று சுவர் ஓட்டை அடைக்கும் பட்டியை வைத்துப் புது விரல்கள் செய்துவிட்டேன். குருசடியைப் பெருக்கும் லில்லிபாய் அக்கா பதறி ஓடிவந்தார்.

“எலே மக்கா, அது ஒடஞ்சதில்ல! பிள்ளப்பேறுக்குப் போறவளும் கடலுக்குப் போறவனும் தொட்டுத் தொட்டுத் தேஞ்சதாக்கும்.”

ஈரம் காய்வதற்குள் எல்லாவற்றையும் வழித்தெடுத்தேன். அடியில் மரம் கண்ணாடி போல வழவழவென்று குழிந்திருந்தது. வெறும் கை பட்டே இவ்வளவு தேயுமா அம்மா? என் உள்ளங்கையும் அதில் பொருந்தியது. எடுக்க மனமே வரவில்லை.

சாரத்திலிருந்து கூப்பிடுகிறார்கள். இங்கே இரவில் மழை விடுவதில்லை. போர்த்திக்கொள்ள உன் பழைய சேலை ஒன்றை அனுப்பு. துவைக்க வேண்டாம்.

கதிரேசன்